கஷ்ட காலத்தில் பிள்ளையின் படிப்பு

வீட்டில் கஷ்டம் வந்துவிட்டால் செலவைச் சுருக்குகிறோம். புதுத் துணி நிற்கிறது. பல இல்லங்களில் அத்துடன் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடுகிறது. இது முறைதானா என்று மார்க்கத்தின் ஒளியில் சற்றுச் சிந்திப்போம்.

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியையே எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலையை நெய்ய ஒருவர் போதாது. கரைக்குரிய நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைக்க வசதியில்லாத வீடுகளில் அது பிள்ளையின் கையாகவே இருந்த காலம் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. கைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஓரளவு படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை படித்ததையும் மறந்தது. அக்குறையைப் போக்கவே, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தந்தார்கள்.

"வயிறு காயும்போது பாடம் எதற்கு?" என்று கேட்கலாம். பத்ருப் போர் நடந்த ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மக்காவில் வீடு வாசலை விட்டு வந்த முஹாஜிர்கள் வறுமையில் இருந்தனர். மீட்புப் பணம் கொடுக்க வழியற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளைக் கடும் வேலைக்கு அனுப்பியிருக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, ஆளுக்குப் பத்துச் சிறுவருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்றார்கள். நல்ல காலம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

2016-இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. பள்ளி நேரம் போகவும், விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவ அனுமதிக்கிறது. ஆனால் இரவெல்லாம் தறியருகே நின்ற பிள்ளை மறுநாள் வகுப்பில் உறங்கினால், அதன் படிப்பைப் பறித்தது யார்?

ஏழைத் தகப்பனை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அவருக்கு உதவியாள் கூலியைக் கொடுக்க நம் மஹல்லா முன்வந்ததா? நமது ஜகாத்தும் சதகாவும் அந்த வீட்டைத் தேடிச் சென்றனவா? மாலையில் மதரஸாவின் ஓர் அறை பள்ளிப்பாடத்திற்குத் திறக்கப்பட்டதா? பெண்பிள்ளைக்கும், அண்டை வீட்டு மாற்றுமதப் பிள்ளைக்கும் அங்கே இடமுண்டா?

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கஷ்ட காலத்திலும் அதைக் காக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.