மவுத்துச் செய்தியை மறைக்கலாமா?

நம் வீடுகளில் ஒரு மவுத்து நேர்ந்தால், சொல்லியனுப்ப யாரையும் மறப்பதில்லை. ஊரிலுள்ள தூரத்துச் சம்பந்திக்கும் உடனே செய்தி பறக்கிறது. ஆனால் அதே வீட்டில் புத்தி வளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருந்தால், அவனிடம் மட்டும் "வாப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி, அடுத்த தெரு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். ஜனாஸா புறப்பட்ட பிறகே அவன் வீடு திரும்புகிறான்.

"அவனுக்கு என்ன புரியும்? பாவம், நோகடிப்பானேன்?" என்பது நம்மவர் கூறும் நியாயம். இதில் இரக்கமில்லையென்று நாம் சொல்லோம். ஆயினும், ஊருக்குப் போவது என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ரஜூலாக் கப்பல் காலத்திலும் சரி, விமானக் காலத்திலும் சரி, ஊருக்குப் போன வாப்பா சில மாதங்களில் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறார். ஆகவே அவன் காத்திருப்பான். வாசலில் கார் நிற்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பான். மவுத்தை அறிந்தவனுக்குத் துக்கம் நாளடைவில் தணியும். காத்திருப்பவனுக்கு எது தணியும்?

சமாதானம் உண்டாக்கச் சொல்லும் பொய்க்கு மார்க்கத்தில் இடமுண்டே எனச் சிலர் வாதிப்பர். அது பிரிந்தவரைச் சேர்ப்பதற்கு. இதுவோ மகனைத் தகப்பனின் ஜனாஸாவிலிருந்தே பிரிக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்தவருக்குச் சரியாக நிறுப்பதில் என்ன பெருமை? பார்க்கத் தெரியாதவருக்கு எப்படி நிறுக்கிறோம் என்பதன்றோ கேள்வி!

மதீனாவில் சித்தத்தில் சிறிது குறையுள்ள பெண்மணி ஒருவர், தமக்கொரு காரியம் ஆக வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். எந்தத் தெருவில் நிற்கலாமென்பதை அவரே தேர்ந்துகொள்ளச் சொல்லி, அவர் பேசி முடிக்கும்வரை அவர்கள் உடன் நின்றதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். 'இவருக்கு என்ன புரியும்' என்று ஒதுக்கவில்லை.

நிற்க. லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் இன்னொருவருடன் சேர்ந்து, தாயையோ தகப்பனையோ இழந்த இத்தகைய 50 பேரைப் பற்றிய ஆய்வொன்றை 1997-இல் வெளியிட்டார். அவர்களிடம் மனக்கலக்கமும் நடத்தை மாற்றமும் மிகுந்திருந்தும், பராமரிப்போர் பலர் அதை மரணத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்கவில்லையாம். நம்மிடையே அதைப் பிடிவாதம் என்பர். ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வோரும் உண்டு. தஃஸியா மூன்று நாளில் முடிந்து நாம் கடை திறந்து மாதங்கள் ஆன பிறகுதான், சிலருக்குத் துக்கம் வெளிப்படத் தொடங்குகிறது.

சொல்வதை நேராகச் சொல்ல வேண்டும்: வாப்பா மவுத்தாகிவிட்டார், மூச்சு நின்றுவிட்டது, இனி வரமாட்டார். 'தூங்குகிறார்' என்றால் அவன் தானே தூங்க அஞ்சக்கூடும். பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதே சொல். விரும்பினால், கபனில் முகம் மூடுமுன் அவன் பார்க்கட்டும். கபுறில் மூன்று பிடி மண் அவனும் போடட்டும். அழுதால் அழட்டும். மகன் இப்ராஹீமின் மவுத்தில் நாயகமவர்களே கண்ணீர் விட்டார்கள்.

கடைப் பங்காளிகளுக்கும் ஒரு வேலையுண்டு. இப்பிள்ளைகளில் சிலர் வாப்பாவின் கடையில் ஒரு முக்காலியில் அமர்ந்து பொட்டலம் கட்டிப் பழகியவர்கள். வாப்பாவும் போய், வீடும் மாறி, கடையும் கைமாறினால் ஒரே மாதத்தில் அவனுக்கு மூன்று இழப்பு. கணக்குத் தீர்க்க உட்காரும்போது, அந்த முக்காலி இன்னும் சில காலம் அங்கேயே இருக்க வழியுண்டா என்பதையும் வாரிசுகளோடு பேசிக்கொள்வார்களாக.