ஒன்றும் நடவாத நாளின் பெறுமதி



சித்தாண்டியிலிருந்து வடக்கே கிரானைக் கடந்தால் வாழைச்சேனை. 1950களில் அங்கு எழுந்த கடதாசி ஆலை வைக்கோலைக் கடதாசியாக்கி, இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிட்டது. அத்தகைய ஆலையில் எத்தனை தொன் உற்பத்தி என்று எல்லோரும் கேட்பர். கொதிகலன் வெடிக்காமல் காத்தவர் யார் என்று கேட்பார் இலர். பராமரிப்புப் பொறியியலாளர் தம் பணியைச் செவ்வனே செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. நடவாத விபத்தை எவருக்குக் காட்டுவது?

இதனாற்றான் சிக்கனம் பிடிக்க எண்ணும் நிருவாகம் பராமரிப்பில் முதலில் கைவைக்கிறது. "இந்த மாதம் ஓடட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற கட்டளை பிறக்கிறது. கட்டளையிட்டவரே பொறுப்பு என்று பொறியியலாளர் கையொப்பமிட்டு ஒதுங்கலாமா?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரில், யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையின் தாங்கியொன்றில் நீர் புகுந்தது. கிளம்பிய நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நீர் எவ்வாறு புகுந்தது என்பதில் வழக்காடினார்கள். ஆனால் தாங்கியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரம், குழாயொன்று மாற்றப்படாததால் பயனற்று நின்றது. பராமரிப்பு ஆட்களும் குறைக்கப்பட்டிருந்தார்கள். 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2010இல், அதிகாரிகள் எழுவருக்கு நீதிமன்றம் ஈராண்டுச் சிறை விதித்தது. கவனயீனம் என்பதே குற்றம்.

கட்டளையிட்டவரின் பொறுப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் பழுதை அறிந்தவர் அறியாதவராகிவிட முடியாது. "பரிசோதித்தேன்" என்று பதிவேட்டில் எழுதும் கை அவருடையது. அச்சொல்லை நம்பியே அடுத்து வரும் தொழிலாளி உள்ளே நுழைகிறான். வேலை போகுமே என்ற அச்சம் பொய்யன்று. பிள்ளைகளுக்கு உணவு வேண்டும். எல்லோரிடமும் வீரத்தை எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் பழுதை எழுத்தில் அறிவிப்பதும், செய்யாததைச் செய்ததாக எழுத மறுப்பதும் எவராலும் இயலும். உயிராபத்து உறுதியெனத் தெரிந்தாலோ, இயந்திரத்தை நிறுத்துவதே கடமை. அங்கே மேலிடத்துக் கட்டளைக்கு வலுவில்லை.

பெற்றோரே, வளைகுடா நாடொன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, "இம்மாதம் எவ்வளவு அனுப்புவாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். பொய்ப் பதிவில் கையொப்பமிட மறுத்து அவன் வேலையிழந்து திரும்பினால், குறைகூறாமல் வரவேற்க உங்கள் வீடு ஆயத்தமா? அவனுடைய துணிவில் பாதி உங்கள் விடையில் இருக்கிறது.