முதலில் கான், பிறகு மதில்

சோளகம் இளகிவிட்டது. இன்னும் சில கிழமைகளில் வாடை திரும்பும், ஐப்பசி மழை இறங்கும். மன்னார்த் தெருக்களில் நாம் மாதக்கணக்காய்ப் போட்டு வைத்திருக்கும் சொப்பின் பை, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் முதல் மழை வாரிக் கானுக்குள் தள்ளும். கான் கடலுக்குள் தள்ளும். பூநாரைகள் வந்து இறங்குவதும் அந்தக் காலத்தில்தான். மதிலுக்குப் படம் வரையப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளே, அதனால்தான் உங்களோடு இன்றைக்கே பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் எடுத்தது நல்ல காரியம். 2019 கடைசியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் திரண்டு மதில்களில் படம் வரைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலும் வரைந்தார்கள். பலர் சொந்தக் காசில் பூச்சு வாங்கினார்கள். கிழிந்த சுவரொட்டியும் மூத்திர வாடையுமாய்க் கிடந்த மதில்களின் முன்னால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். படம் உள்ள மதிலை அசுத்தம் செய்ய மனம் கூசும். அந்தக் கூச்சம்தான் படத்தால் வரும் முதல் பலன். நிறம் மங்கினால் கூச்சமும் மங்கும். நம்முடைய உப்புக்காற்றுக்கு எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. உவர் ஏறிய மதிலில் அது பொருக்குப் பொருக்காய் உதிரும். உதிர்ந்த மதிலடியில் ஒரு பை விழுந்தால் போதும், மறுநாள் அது குப்பைமேடு.

ஆகவே உவரைச் சுரண்டிக் கழுவுங்கள், காயவிடுங்கள், அடிப்பூச்சு போட்ட பிறகே தூரிகையை எடுங்கள். வருடா வருடம் யார் திருத்துவது என்று இப்போதே பேசி முடியுங்கள். மதிலடியில் மூடி போட்ட தொட்டி வையுங்கள். எந்தக் கிழமை வண்டி வந்து எடுக்கும் என்று நகரசபையிடம் கேட்டு, அந்த நாளையும் மதிலிலேயே எழுதுங்கள்.

மூடி எதற்கு? கழுதைக்காக. வரையும்போது கழுதையை விட்டுவிடாதீர்கள். அரபு வணிகர் கொண்டுவந்த இனம் என்று வழிவழியாய்ச் சொல்கிறோம். நம்முடைய சுமையைச் சுமந்த பிராணி அது. வண்டியும் லொறியும் வந்த பிறகு தெருவில் விட்டுவிட்டோம். சோற்று மணம் ஒட்டிய லஞ்ச் ஷீட்டை அது தின்கிறது. பொலித்தீன் குடலில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு ஊதும், தீனி இறங்காது, வலியோடு கிடந்து சாகும். லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் இந்த நாட்டில் தடை இருக்கிறது. கடைக்கார ஐயாமாரே, யாரும் வந்து பிடிக்கவில்லை என்பதால் அதைச் சோற்றுக்குச் சுற்றித் தருவது சரியாகிவிடுமா? வாழையிலை இருக்கிறதே. வீட்டுக்காரரும் சந்தைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பார்க்கும் பக்கமெல்லாம் பனை நிற்கிற தீவு இது. நம்முடைய பாட்டிமார் உமலோடுதான் சந்தைக்குப் போனார்கள்.

பூநாரையையும் வரைவீர்கள், தெரியும். அது எப்படித் தின்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாய்ச் சேற்றில் அளைந்து, நீரை வடித்துச் சிறு உயிர்களை எடுக்கும். நாம் எறியும் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கித் துகளாகி அந்தச் சேற்றில்தான் கலக்கிறது. பூநாரை இரை எது, துகள் எது என்று பிரித்தறியாது. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட, இந்தப் பூநாரைகள் இறங்கும் வங்காலை, 4,800 ஹெக்டயருக்கு மேல் பரந்து கிடக்கிறது. உலகம் மதிக்கும் அந்த இடத்தின் ஓரமாகத்தான் தாம்போதிக்குப் போய் வருகிறோம். பஸ் யன்னலால் ஒரு போத்தலை எறிய உங்கள் பிள்ளை கை ஓங்கினால், அந்தக் கையைப் பிடியுங்கள். வெட்கப்படாமல், மற்றவர் முன்னாலேயே பிடியுங்கள்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த வழியின் மதில்களில் கடற்புல் மேயும் ஆவுளியாவை வரையலாம், வலம்புரியை வரையலாம். வரைந்த படத்தின் காலடியில் மீன் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறவர் நம்மில் ஒருவராக இருக்கக் கூடாது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் வழி எல்லாருக்கும் பொது. இதைப் பூசகரும் பங்குத்தந்தையும் மௌலவியும் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை போதாது, மழை தொடங்கும்வரை கிழமைதோறும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, வருகிற சனிக்கிழமை தூரிகையை வீட்டில் வைத்துவிட்டு மண்வெட்டியும் சாக்கும் கொண்டு வாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கானுக்குள் உடைந்த போத்தல் கிடக்கும். உங்கள் தெருக் கான் முழுவதையும் அள்ளி முடிப்போம். அள்ளியதைக் கரையில் விட்டுவிடாமல் அன்றைக்கே ஏற்றி அனுப்புவோம். படத்தை மழை விட்டபின், தை பிறந்ததும் வரையலாம். ஈரச் சுவரில் எப்படியும் பூச்சு ஒட்டாது.