கை முந்திய கணம்

காயை நகர்த்திய ஒருவன், தான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகவே போய்விட்டது என்று மனமறிந்து சொல்வானாகில், அந்தச் செயலுக்குக் கர்த்தா யார் என்ற வினா, சென்னையில் சிறுவர்களுக்கான போட்டி ஒன்றில், மின்னல் சதுரங்கம் ஆடிய இருவரின் அருகே நின்றபோது என்னைப் பற்றிக்கொண்டது.

ஆளுக்கு 3 நிமிஷம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடும். 40 நகர்த்தல் ஆடினால் மொத்தம் 260 விநாடி, அதாவது நகர்த்தலுக்கு ஆறரை விநாடிதான். இளையவன் ராணியை வைத்துக் கடிகாரத்தை அழுத்திய விரலை எடுக்குமுன், எதிரியின் குதிரை தாவி, ராஜாவுக்குச் செக் சொல்லி ராணியையும் குறிவைத்தது. கணநேரம் பலகையை வெறித்தவன், கை குலுக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

“கை தானாப் போயிடுச்சுண்ணா.”

“நீ எப்பவும் அங்கேதான்டா வைப்பே. அதுக்குத்தான் குதிரையை முன்னாடியே கொண்டுவந்தேன்.”

பெரியவனின் இந்த மறுமொழியில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. சங்கல்பமின்றிச் சென்ற கையானால் காற்றில் பறக்கும் சருகுபோல் எங்கு வேண்டுமானாலும் சென்றிருக்கலாமே. வழக்கமான கட்டத்துக்கே அது ஏன் சென்றது? பெருங்காயம் தீர்ந்த பின்பும் பாண்டத்தில் மணம் நிற்பதுபோல், செய்த செயல் செய்தவனிடத்தில் தங்கிவிடுவதைத்தான் நம் முன்னோர் வாசனை என்றனர். நெடுநேர ஆட்டத்தில் விவேகம் குறுக்கிட்டு அதைத் தடுத்துவிடக்கூடும். மின்னல் ஆட்டத்திலோ அதற்கு அவகாசமில்லை. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், சிறுவயதில் சென்னை டால் சதுரங்கக் கழகத்தில் இத்தகைய விரைவாட்டங்களை ஓயாது ஆடியவர். அவருடைய வேகமும் அப்பியாசத்தில் ஊறிய வாசனையேயன்றி வேறென்ன?

எல்லாம் ஈசுவர லீலை, நம் கையில் ஒன்றுமில்லை என்பாரும் உளர். திருப்பூவனூரில் அரசகுமாரியுடன் சதுரங்கமாடி வென்று அவளை மணந்ததாகத் தலபுராணம் கூறும் சதுரங்க வல்லபநாதரை வணங்குகிறவன்தான் நானும். ஆயினும் ராணியை அங்கே வைத்தவன் அச்சிறுவனே என்று துணிந்து சொல்வேன்; அவன்மேல் குற்றம் சுமத்துவதற்காக அன்று, பழக்கத்தால் அவ்விதம் சென்ற கை, பழக்கத்தாலேயே வேறுவிதமாகவும் செல்லக்கூடும் என்பதற்காக. அவனைக் கர்த்தா அல்லன் என்று விடுவித்துவிட்டால், அந்த வழியையும் அன்றோ அடைத்துவிடுகிறோம்?

அடுத்த சுற்றுக்கு அழைக்குமுன் இருவரும் காய்களை, ராணியை வைக்குமுன் இருந்த நிலையில் மீண்டும் அடுக்கினார்கள். மின்னல் ஆட்டத்தில் நகர்த்தல்களை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் ஒரு சிப்பாய்கூட இடம் மாறவில்லை. இளையவன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ராணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.