ஐந்து ஏவுகணை, ஒரு போன் கால்

உன் ஹீரோ யாருன்னு கேட்டா நான் சொல்ற பேர் பல பேருக்குத் தெரியாது. ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். சோவியத் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். ஷிஃப்டுக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போகிற வேலை.

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் செர்புகோவ்-15 என்ற ரகசியக் கட்டுப்பாட்டு மையத்தில் சைரன் அலறுகிறது. அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது என்கிறது செயற்கைக்கோள் சிஸ்டம். முதலில் ஒன்று, பிறகு வரிசையாக இன்னும் நாலு. அதே மாசம் 1-ம் தேதிதான் கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு 269 பேர் இறந்திருந்தார்கள். எந்த நேரமும் சண்டை வரலாம்னு ரெண்டு பக்கமும் பயந்துகிட்டிருந்த நேரம்.

வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி அவர் கையில் எந்த சிவப்பு பட்டனும் இல்லை. மேலே தகவல் சொல்வதுதான் அவர் வேலை. "தாக்குதல்" என்று சொல்லியிருந்தால் அடுத்து முடிவெடுக்க மேலே இருப்பவர்களுக்குச் சில நிமிஷங்கள்தான் இருந்திருக்கும். அவர் போனை எடுத்து, இது சிஸ்டம் கோளாறு என்று சொன்னார். பிறகு காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. உயரமான மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை ஏவுகணைன்னு சிஸ்டம் தப்பா படிச்சிருந்தது.

இப்போ என் கதை. போன வருஷம் ஆன்-கால்ல இருந்தப்போ ராத்திரி 2 மணிக்கு ஒரு அலர்ட். வாரத்துக்குப் பத்து தடவை சும்மா வர்ற அலர்ட்தானேன்னு அக்னாலெட்ஜ் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். அன்னைக்கு அது நிஜம். நாலு மணி நேரம் கஸ்டமர்கள் பணம் நடுவுல நின்னுடுச்சு. மறுநாள் மீட்டிங்ல, அலர்ட்டை நம்ப முடியலன்னு சொல்லி பெட்ரோவையே உதாரணமா இழுத்தேன், வெட்கமே இல்லாம. எங்க லீட், வயசுல மூத்தவங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "பெட்ரோவ் தூங்கப் போனாராப்பா?"

பதில் இல்லை என்னிடம்.

ரெண்டு பேருமே மெஷினை நம்பவில்லை. ஆனால் அவர் நம்பாததற்குக் காரணம் வைத்திருந்தார். போர் தொடங்குகிறவன் வெறும் அஞ்சு ஏவுகணையோடு தொடங்க மாட்டான். சிஸ்டம் புதுசு. தரையில் இருந்த ரேடார்களும் எதையும் காட்டவில்லை. இத்தனையும் யோசித்துவிட்டு, தன் பேரில் ஒரு பதிலைச் சொன்னார். என் சந்தேகத்துக்கு இருந்த ஒரே காரணம் தூக்கம்.

அவர் கணிப்பு தப்பாகியிருந்தால் ஹீரோ என்று சொல்வோமா? உறுதியாகத் தெரியாது, பாதிக்குப் பாதிதான் என்று அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இது ரொம்ப நாளா உறுத்தின கேள்வி. அதிர்ஷ்டத்துக்கா கும்பிடு போடுறோம்? நான் யோசித்தவரை, இல்லை. பொய்யான தாக்குதலை நிஜம் என்று சொல்லி பதிலுக்கு ஏவுகணை கிளம்பிவிட்டால் அதுக்கு ரோல்பேக் கிடையாது. அத்தனை உயிர்களை வைத்து உறுதியில்லாத விஷயத்தை உறுதி என்று சொல்ல அவர் மறுத்தார். விளைவு எப்படி வந்திருந்தாலும் அந்த மறுப்பு சரிதான்னு நினைக்கிறேன்.

அவருக்கு அப்போது பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. 1990களில்தான் விஷயமே வெளியே வந்தது. 2017 மே மாசம் அவர் இறந்ததுகூட உலகத்துக்கு செப்டம்பரில்தான் தெரிந்தது. ஹீரோ என்று யாராவது சொன்னால், என் வேலையைத்தானே பார்த்தேன் என்பாராம். விசாரணையில் அவருக்குக் கிடைத்தது திட்டு. அந்த ராத்திரி லாக் புத்தகத்தை ஒழுங்காக எழுதவில்லையாம்! ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்டர்காம், எந்தக் கையால் எழுத?

இப்போ ராத்திரி அலர்ட் வந்தா எழுந்து லேப்டாப்பைத் திறக்கிறேன். எதைப் பார்த்தேன், ஏன் பொய்யான அலர்ட்னு முடிவு பண்ணேன்னு டைம் போட்டு எழுதி வைக்கிறேன். லாக் எழுதுற விஷயத்துல மட்டும் பெட்ரோவை விட நான் பரவாயில்லை.