தவறியவரை மீட்பது எவ்வாறு?

ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்தவர்களை ஒரு கேள்வி ஓயாமல் தொடர்ந்து வரும். தவறு செய்த பிள்ளையிடம் முதலில் செல்ல வேண்டியது தண்டனையா, பேச்சா என்பதே அக்கேள்வி. ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், அண்மையில் பெயர்த்தியுடன் அமர்ந்து ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபொழுது அது மீண்டும் நம் முன் வந்து நின்றது.

தொடரின் பெயர் 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்'. 1997 முதல் 2003 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பானது. கலிபோர்னியாவில் சன்னிடேல் என்னும் கற்பனை ஊர். அங்கே இரத்தக் காட்டேரிகளை ஒழிக்கும் ஆற்றல் பெற்ற பஃபி என்னும் பள்ளி மாணவி. பேய்க்கதைதானே என்று நாமும் முதலில் எண்ணினோம். ஆயினும் 1999 பிப்ரவரியில் அடுத்தடுத்து வந்த இரு பகுதிகள் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தன. அவற்றுள் இரண்டாவதன் தலைப்பே 'விளைவுகள்' என்னும் பொருளுடையது.

தலைமுறைக்கு ஒருத்திக்கே இவ்வாற்றல் கிட்டும் என்பது கதையின் விதி. பஃபி ஒரு முறை நீரில் மூழ்கி, சில கணங்கள் உயிரிழந்து மீண்டமையால் அவ்விதி பிறழ்ந்தது. வேறொருத்தி தோன்றினாள், அவளும் மாண்டபின் ஃபெயித் என்பவள் வந்தாள். ஒருத்திக்குரிய இடத்தில் இருவர். பஃபிக்குத் தாய் உண்டு, வீடு உண்டு, வில்லோ, சாண்டர் என்னும் உயிர்த்தோழர்கள் உண்டு, தந்தையைப் போன்ற ஆசான் ஜைல்ஸ் உண்டு. ஃபெயித்துக்கோ மலிவான விடுதி அறை ஒன்றே உறைவிடம். ஆற்றலில் இருவரும் நிகர். உறவில் ஒருத்தி செல்வி, மற்றவள் வறியவள். இப்போட்டியின் வேர் இங்கேதான் உள்ளது. வகுப்பறையில் இத்தகைய இணைகளை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

ஒரிரவு இருவரும் காட்டேரிகளைத் துரத்துகையில் இருளிலிருந்து ஒருவர் பஃபியின் தோளைப் பற்றுகிறார். பஃபி அவரைத் தூக்கி எறிகிறாள். ஃபெயித் மரமுளையை ஓங்குகிறாள். பஃபி கூவித் தடுப்பதற்குள் முளை நெஞ்சில் பாய்ந்துவிடுகிறது. மாண்டவர் காட்டேரி அல்லர். அவ்வூரின் துணை மேயர். ஃபெயித் உடலை நீரில் அமிழ்த்துகிறாள். தனக்கு இதில் எவ்விதக் கவலையும் இல்லை என்கிறாள்.

இங்கே குற்றம் யாருடையது? கவனமின்மையையும் கொலைக்குக் காரணமாக எண்ணிப் பழகிய இவ்விதழின் வாசகர்கள் இதனை எளிதில் தள்ளிவிடமாட்டார்கள். குத்தியவள் ஒருத்தி, எறிந்தவள் மற்றொருத்தி. காவல் அதிகாரி வினவியபொழுது இருவருமே பொய் சொன்னார்கள். இதுவரை இருவரும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் நிற்கிறார்கள். வேறுபாடு இதற்குப் பின்னரே தொடங்குகிறது. பஃபி அழுதவாறு வில்லோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். தன்னைவிட்டு விலகி ஃபெயித்தோடு திரிந்தாளே என்று வருந்தியிருந்த வில்லோ, தன் வருத்தத்தை ஒதுக்கிவைத்துச் செவிகொடுக்கிறாள். ஃபெயித்தோ ஜைல்ஸிடம் முந்திச் சென்று, கொன்றவள் பஃபியே என்று கூறுகிறாள். பஃபி பண்பில் உயர்ந்தவள் என்று மட்டும் இதற்கு விடை கூறல் போதுமா? உண்மையைச் சொல்ல ஒரு தோள் வேண்டுமே. அத்தோள் ஒருத்திக்கு இருந்தது, மற்றவளுக்கு இல்லை.

ஜைல்ஸ் அப்பொய்யை நம்பவில்லை. ஆயினும் நம்பியவர் போலக் காட்டிக்கொண்டு, அவளை மீட்கும் வழியைத் தேடுகிறார். சாண்டர் பேசச் சென்று கழுத்து நெரிபடுகிறான். இறுதியில் ஏஞ்சல் என்பவன் அவளைக் கட்டிவைத்துப் பேசுகிறான். அவனும் ஒரு காட்டேரியே. முன்னர் எண்ணற்ற கொலைகள் புரிந்து, ஆன்மா மீண்டபின் அவற்றை நினைந்து வருந்துபவன். குற்றத்தின் சுவையையும் சுமையையும் அறிந்தவன் பேசும்பொழுது அவள் முகம் மெல்ல இளகுகிறது. அந்நேரத்தில் வெஸ்லி என்னும் புதிய கண்காணிப்பாளர் ஆட்களுடன் கதவை உடைத்துப் புகுந்து அவளைச் சிறைப்பிடிக்கிறார். அவள் தப்பி ஓடுகிறாள். இளகியது மீண்டும் இறுகிவிட்டது. அதன் பின்னரும் துறைமுகத்தில் பஃபியின் உயிரைக் காக்கிறாள். ஆனால் அன்றே கொடியவனாகிய மேயரின் வாயிலைத் தட்டி அவனுக்குப் பணியாளாகிறாள்.

இக்காட்சியில் நாம் பெயர்த்தியிடம் ஒன்றும் பேசவில்லை. நாம் பணியாற்றிய பள்ளியொன்றில், ஆய்வுக்கூடத்துப் பொருள் ஒன்று உடைந்ததற்காக ஒரு மாணவி பிறர்மேல் பழி சுமத்தினாள். உடன் பணியாற்றிய இளம் ஆசிரியை அவளை வேப்பமரத்தடியில் அமர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை அழத் தொடங்கியிருந்தாள். நாமோ, ஒழுங்கு காக்கவேண்டும் என்னும் விரைவில், அவள் கையைப் பற்றித் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துச் சென்றோம். அழுகை அக்கணமே நின்றது. மறுவாரம் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. நாம் செய்தது விதிப்படி சரியே. எனினும் அந்நின்றுபோன அழுகை இன்றும் நம் செவியில் இருக்கிறது. வெஸ்லியைக் கண்டு சினம் கொள்ளும் தகுதி நமக்கில்லை.

ஆயின் தண்டனையே வேண்டாமோ? வேண்டும். ஓர் உயிர் போயிற்று. இறந்தவர் சார்பில் கேட்க யாரேனும் இருத்தல் வேண்டும். கேள்வி முறையைப் பற்றியதே. கதையே இதற்கு விடை தருகிறது. 2000-இல் 'ஏஞ்சல்' என்னும் மற்றொரு தொடரில் ஃபெயித் மீண்டும் வருகிறாள். பல கொடுமைகளுக்குப்பின் மனம் உடைந்து ஏஞ்சலிடம் அடைக்கலம் புகுகிறாள். பின்னர் யாரும் இழுத்துச் செல்லாமல், தானே காவல் நிலையம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை ஏற்கிறாள். அவளைக் காட்டிக்கொடுக்குமாறு வெஸ்லியை அவருடைய பழைய சபையினர் தூண்டுகிறார்கள். அவள் கையால் கொடிய துன்பம் அனுபவித்திருந்தும் இம்முறை அவர் இணங்கவில்லை. மாணவி மட்டுமன்று, ஆசானும் திருந்தினார்.

தண்டனை அன்றும் இருந்தது, பின்னரும் இருந்தது. முன்னது அவளை ஓடச் செய்தது. பின்னதை அவளே நாடிச் சென்றாள். இடையில் நிகழ்ந்தது, ஒருவர் பொறுமையுடன் அருகில் அமர்ந்திருந்தமையே. நம் இல்லத்திலும் பள்ளியிலும் ஒரு பிள்ளை தவறும்பொழுது, கதவைத் திறந்து உள்ளே விரைவதற்கு முன், உள்ளே யாரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று சற்றே செவிமடுப்போமாக.