சிறுகோளும் கடலும்: அறிந்தோர் கடமை

இயற்கை விளைவிக்கும் அழிவுக்கும் அறத்துக்கும் தொடர்பு உண்டா? கல்லுக்கும் அலைக்கும் நோக்கம் இல்லை. நோக்கம் இல்லாதவிடத்துக் குற்றமும் இல்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. 1755ஆம் ஆண்டில் நிலநடுக்கமும் கடற்பெருக்கும் லிஸ்பன் நகரை அழித்தபோது, உலகில் யாவும் நன்மைக்கே அமைந்துள்ளன என்னும் கொள்கையை வோல்ட்டயர் சாடினார். ரூசோவோ, பல மாடி வீடுகளை அங்கு நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதரே என 1756ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிய கடிதத்திற் சுட்டிக்காட்டினார். அழிவில் ஒரு பங்கு மனிதருடையது என்பது அவர் கருத்து.

பெரிய சிறுகோள் ஒன்று சமுத்திரத்தில் வீழும் நிகழ்ச்சியோடு இக்கருத்தைப் பொருத்தி ஆராய்வது தகும். ஏனெனில், மனிதப் பங்கு சிறிதுமற்ற அழிவாக முதலிற் தோன்றுவது இதுவே.

செக்கனுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும், ஒரு கிலோமீற்றர் விட்டமுடைய பாறைக்கு நான்கைந்து கிலோமீற்றர் ஆழமான கடலும் பெருந்தடையன்று. மோதிய கணத்திலேயே பாறையின் பெரும்பகுதியும் அதனைச் சூழ்ந்த நீரும் ஆவியாகும். நீரிற் பெரும்பள்ளம் தோன்றும். பள்ளம் மூடுகையில் நடுவே எழும் நீர்த்தூண் மீண்டும் வீழ, அலைகள் நாற்றிசையும் பரவும். மேல்வளிமண்டலத்தை அடையும் உப்புநீர் ஓசோன் படலத்தைச் சிதைக்கவும் கூடும். சில நூறு மீற்றர் விட்டமுடைய கற்கள் எழுப்பும் அலைகள், நிலநடுக்கத்தாற் பிறக்கும் ஆழிப்பேரலையினும் குறுகிய அலைநீளம் உடையவை. ஆதலால் தொலைதூரம் செல்லுமுன் வலுவிழப்பன. அவற்றாற் பெருங்கேடு அண்மைக் கரைகளுக்கே.

இத்தகைய நிகழ்ச்சி வெறுங் கற்பனையன்று. ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவின் தென்மேற்கே ஆழ்கடலில் ஒரு சிறுகோள் வீழ்ந்தது. எல்ரானின் என்னும் ஆய்வுக் கப்பல் 1960களில் எடுத்துவந்த கடலடிப் படிவுகளில் இரிடியம் மிகுந்திருந்தமை 1981ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டதும் இவ்வுண்மை வெளிப்படலாயிற்று.

புவிமேற்பரப்பில் ஏறத்தாழ 71 சதவீதம் கடல். எனவே, வரும் கல் பெரும்பாலும் கடலிலேயே வீழும் என ஆறுதல் கூறுவோர் உளர். இவ்வாறுதலினுள் ஒரு மதிப்பீடு மறைந்துள்ளது. கடலை வெற்றிடமாகக் கருதுவோர், அதன் கரையில் வாழ்வோரைக் கணக்கில் எடுத்திலர். நகரில் வீழாதது நற்பேறு எனப்படுகையில், மீனவக் குடியிருப்பின் இழப்பு அந்நற்பேற்றின் விலையாகிவிடுகின்றது. இது பௌதிகக் கூற்றன்று. எவருடைய உயிர் எண்ணத்தக்கது என்பது பற்றிய தீர்ப்பு.

ஆபத்தை முன்கூட்டியே அறிதல் மட்டும் இக்குறையைத் தீர்க்குமா? 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதி இதற்கு விடை தருகின்றது. பின்னர் அப்போபிஸ் எனப் பெயர்பெற்ற சிறுகோள் 2029 ஏப்பிரல் 13ஆம் திகதி புவியில் மோதும் நிகழ்தகவு 2.7 சதவீதம் என டிசெம்பர் 27ஆம் திகதி கணிக்கப்பட்டது. பழைய வான்படங்கள் கிடைத்ததும் அவ்வையம் நீங்கிற்று. அதற்கு முதல்நாட் காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் அதனைச் சில நிமிடங்களில் உணர்ந்துகொண்டது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை எட்ட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் சென்றது. அவ்விடைவேளையிற் கரைக்கு எச்சரிக்கை வரவில்லை; இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை. இத்தீவில் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கால் நூற்றாண்டுக்கு அப்பாலுள்ள மோதலைக் கணிக்க வல்ல உலகம், இரண்டு மணித்தியாலத் தொலைவிலிருந்த அலையை உரியவர்க்கு உணர்த்த வழிசெய்திருக்கவில்லை. அதிர்ச்சி இயற்கையினது, மௌனம் மனிதருடையது.

இன்று பசித்திருப்போர் பலராக, என்றோ வரக்கூடிய கல்லுக்காகப் பொருள் செலவிடுதல் முறையோ என வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், பசியைப் போக்கத் தவறுவதும் எச்சரிக்கத் தவறுவதும் ஒரே குறையின் இரு வடிவங்கள். தொலைவிலுள்ளோர் துன்பத்தைத் தன் கணக்கில் சேர்க்காமையே அக்குறை.

அறிவோடு ஆற்றலும் சேரும்போது பொறுப்பு மேலும் பெருகுகின்றது. 2022 செப்ரெம்பரில் டார்ட் விண்கலம் மோதியதால், டைமோர்பொஸ் தன் பெரிய துணையைச் சுற்றும் காலம் ஏறத்தாழ அரை மணித்தியாலம் குறைந்தது. கல்லின் பாதையை மாற்ற இயலும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் முற்றாக விலக்கப்படாத கல், ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டின் கரையை நோக்கலாம். விலக்கும் கருவியே புவியை நோக்கித் திருப்பும் கருவியாகவும் ஆகலாம் எனக் கார்ல் சேகனும் ஸ்ரீவன் ஒஸ்ரோவும் 1994ஆம் ஆண்டிலேயே எச்சரித்தனர். எந்தக் கரை அபாயத்தைத் தாங்குவது என முடிவுசெய்பவர் யார்? ஆற்றலுடைய சிலர் மட்டும் முடிவுசெய்வாராயின், கல்லின் குருட்டு வீழ்ச்சி அவர்களின் தெரிவாக மாறிவிடும்.

ஆகவே, சிறுகோளுக்கு அறமில்லை என்பது உண்மையாயினும், அதன் பாதையைக் கணிப்போருக்கு அறம் உண்டு. கணித்ததை மறைக்காது உரைத்தலும், அச்செய்தி கடைசிக் குடிசைவரை சென்றுசேர வழிசெய்தலும், பாதையை மாற்றுமுன் அபாயத்தை ஏற்கவேண்டியோரையும் கலந்து முடிவெடுத்தலும் அவர்தம் கடமைகளாம். இவற்றைச் செய்தபின்னும் நேரும் அழிவையே இயற்கையின் செயல் என அழைத்தல் பொருந்தும்.